பட்டை அக்காவின் அளவு

உள்ளாடைத் தொழிற்சாலையில் பிராக்களுக்குத் தோள்பட்டை தைப்பவள் என்பதால் அவளுக்குப் பட்டை அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவள் தைத்த பட்டைகள் கப்பலேறிப் போய் யார் யார் தோள்களிலோ உட்கார்ந்தன. அவளுடைய தோள்களில் மட்டும் விரல் பதியும் பள்ளம். வலது கையைத் தூக்கினால் உயிர் போகும். தைலம் தடவினாள், தலையணையை மாற்றினாள். டாக்டர், வயசாகுது என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

தையலில் கை பிசகத் தொடங்கியது. சூப்பர்வைசர் சுற்றி வளைக்கவில்லை. "அடுத்த வாரமும் இப்படின்னா நூல் வெட்டுற மேஜைக்குப் போயிடுங்க." அந்த மேஜைக்குப் போனவர்கள் அதற்கப்புறம் வாசலுக்குத்தான் போவார்கள்.

கழிப்பறையில் அவள் தோளைப் பிசைந்துகொண்டிருந்ததை, தைத்த உருப்படிகளைச் சோதிக்கும் செக்கர் பார்த்துவிட்டாள்.

"என்ன சைஸ்க்கா போடுறீங்க?"

"முப்பத்தெட்டு."

"எப்படி அளந்தீங்க?"

"மார்மேல டேப்பைச் சுத்தித்தான். எங்கம்மா அப்படித்தான் அளப்பாங்க."

செக்கர் தலையில் அடித்துக்கொண்டாள். "மாருக்குக் கீழ சுத்தணும்க்கா." கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து அளந்தாள். "முப்பத்துநாலு. மாருமேல சுத்தினா நாலு இஞ்சு கூட, அப்ப கப் அளவு டி. உங்களுது மாருக்குக் கீழ பிடிக்காம தொளதொளன்னு கிடக்கு, பாரமெல்லாம் தோள்ல. ஊருக்கே பட்டை தைக்கிறவங்களுக்குப் பட்டை நாமம் சாத்திட்டாங்களே."

"சாத்தினது எங்கம்மா. யார்கிட்டப் போய்க் கேக்கறது?" சிரித்தாள். சிரித்ததற்கும் தோள் வலித்தது.

இத்தனை வருஷ வலிக்கு ஒரு காரணம் இருந்தது என்பதே அவளுக்கு அன்று பெரிய ஆறுதலாக இருந்தது. காரணம் தெரிந்தால் வலி போய்விடும் என்று நினைப்பது மனிதருக்கு இயல்புதான்.

சாயங்காலம் செக்கரைக் கூட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினாள்.

"டி-யா? நம்ம கடையில எழுத்தெல்லாம் கிடையாதும்மா, நம்பர்தான்," என்றார் ஒரு கடைக்காரர், கண்ணை மேஜையிலிருந்து எடுக்காமல். "முப்பத்துநாலு இருக்கு. போடப் போட இழுத்துக் கொடுக்கும்."

போட்டுப் பார்த்தாள், இழுத்துக் கொடுக்கவில்லை. பாதி மார்பு வெளியே பிதுங்கியது. செக்கர் டி கப்பைப் போனில் தேடினாள். விலையைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள், கழித்துப்போட்ட உருப்படிகளின் கூடையில் ஒரு முப்பத்துநாலு டி கிடந்தது. இடது பட்டை கோணலாக ஏறியிருந்தது. அவளே கோணலாகத் தைத்ததுதான்.

"போட்டுத்தான் பாருங்களேன்," என்றாள் செக்கர்.

கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் போட்டுப் பார்த்தாள். தோள்களிலிருந்து யாரோ இறங்கிப் போனதுபோல இருந்தது. கை தானாக மேலே உயர்ந்தது. கதவின் மேல்விளிம்பைத் தொட்டாள், இன்னொரு தடவையும் தொட்டாள். அப்புறம் அழுகை வந்தது.

"அக்கா, கழட்டிடுங்க," வெளியிலிருந்து செக்கரின் குரல் தாழ்ந்து வந்தது. "வாசல் கேட்டுல தடவிப் பாப்பாங்க. உங்களோட சேர்த்து எனக்கும் வேலை போயிடும்."

"தெரியும்டி."

கழற்றிக் கொடுத்தாள். தன்னுடையதை மாட்டிக்கொண்டபோது பட்டைகள் பழைய பள்ளங்களைத் தேடிப்போய் உட்கார்ந்தன.

அடுத்த வாரம் அவளை நூல் வெட்டும் மேஜைக்கு மாற்றினார்கள். கழித்த உருப்படிகளை யாரும் எடுத்துப்போய்விடாதபடி குறுக்கே வெட்டிப் போடுவதும் அந்த மேஜையின் வேலை. முதல் நாள் கூடையில் அந்தக் கோணல் பட்டை மேலாகவே கிடந்தது. கத்தரிக்கோல் பிடித்த கையை உயர்த்த முடியாமல், இடது கையால் அந்தக் கையைத் தாங்கிக்கொண்டு பட்டையை வெட்டினாள்.