கஜா பேராங்கில் பார்த்த சின்னக் கார்

ஜப்பான்காரன் காலம். அப்பாவும் அம்மாவும் இந்தியாவில் மாட்டிக்கொள்ள, மலாக்கா வீட்டில் நான் மட்டும். காலேஜ் படித்த திமிரில் கார் வாங்கக் கிளம்பினேன்.

கஜா பேராங்கில், மலாய் பேசும் செட்டிகள் வாழும் கம்போங் செட்டியில் ஒரு வீட்டு வாசலில் சின்னக் கார் நின்றது.

“சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடிச்சிட்டுப் போன ஆளோட காரு. அவன் இனி வரமாட்டான். அவன் தம்பி விக்கிறான். ஹாரன அமுக்கிப் பாருலா!” என்றார் கூட வந்த தரகர்.

பலமாக அமுக்கினேன்.

உள்ளேயிருந்து ஒரு பெண் சோற்றுக் கையோடு ஓடிவந்தார். “அபாங்! சுடா பாலிக்?” கணவர்தான் என்று நினைத்து, வந்துட்டீங்களா என்று மலாயில் கேட்டவர், என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன தம்பி, எடுத்துக்கிறியா?” என்றார் தரகர்.

“வேணாம்ணே.”

நடந்தே திரும்பினேன். எந்தக் காரில் போய் இறங்கினாலும் அப்படி ஓடிவர எனக்கு ஒருவரும் இல்லை என்பது, வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதுதான் உறைத்தது.