ஓடிபி வராத வியாழக்கிழமை

அல்லாஹ்வின் சாந்தி உங்கள் வீடுகளில் நிறையட்டும், சகோதரிகளே. கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். நடந்து முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. ஆனாலும் கைப்பேசியில் மெசேஜ் வரும் சத்தம் கேட்டால் இன்னும் கை வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

போன ஜூலையில் ஒரு வியாழக்கிழமை. மாலை ஐந்து மணிக்குள் "எனக்கு இந்த இடம் வேண்டும்" என்று இணையத்தில் உறுதி செய்யாவிட்டால், என் மகள் சஃப்ரினுக்கு ஒதுக்கப்பட்ட பொறியியல் கல்லூரி இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். அப்படிப் போகும் நிலைமைக்குக் காரணம் வேறு யாரும் இல்லை. நான்தான்.

நான் பி.காம். படித்தவள். வயது நாற்பத்து நான்கு. என் கணவர் சவூதியில் லாரி ஓட்டுகிறார். கல்யாணமான மூன்றாம் மாதம் போனவர், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வந்து போகிறார். எங்கள் ஊரில் பல வீடுகளில் நடப்பதுதான் எங்கள் வீட்டிலும் நடக்கிறது. கேஸ், பேங்க், ரேஷன், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று எந்தப் படிவமானாலும் அவருடைய இந்திய நம்பரைத்தான் எழுதுவேன். அந்த சிம்மை அங்கே ஒரு பழைய போனில் போட்டு வைத்திருக்கிறார். குடும்பத் தலைவர் அவர்தானே என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. சிலிண்டர் வந்தால் அவருக்கு அங்கே மெசேஜ் போகும். உடனே கூப்பிட்டு, "என்ன புள்ள, கேஸ் வந்துருச்சாமே?" என்பார். வீட்டுக்குள் நின்று கேட்பது போலவே இருக்கும்.

சஃப்ரின் பிளஸ் டூ முடித்ததும், அவள் பள்ளியின் உஷா டீச்சர் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்கார வைத்து வழிகாட்டினார். பரமக்குடிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். "ஆசைப்படுறதை மேல போடு, கிடைக்கும்னு நெனைக்கிறதைக் கீழ போடு. பயந்துக்கிட்டு ஆசையக் கீழ எறக்கிறாத" என்று சஃப்ரினுக்குப் பொறுமையாகச் சொன்னார். நம்பர் கேட்கும் இடம் வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"கையில இருக்குற போன் நம்பரக் குடுங்கம்மா. முக்கியமானது எல்லாம் இதுக்குத்தான் வரும்."

"எங்க வீட்டுல எல்லாத்துக்கும் அவுக நம்பர்தான் டீச்சர்."

"அவுக அங்கன இருக்காகளேம்மா?"

"அது ஒன்னும் பிரச்சனை இல்ல, டீச்சர். கூப்புட்ட ஒடனே எடுப்பாக."

டீச்சர் அவர் நம்பரையே அடித்தார். பதிவு செய்த அன்று எல்லாம் நன்றாகவே நடந்தது. ஓடிபி என் கணவருக்குப் போனது. ஆறு எண்களையும் அவர் ஒவ்வொன்றாக நிறுத்திப் படித்தார். "பிஸ்மி சொல்லிட்டு அடிங்க" என்றார். மகளுடைய படிப்பில் தனக்கும் ஒரு கை இருக்கிறது என்ற சந்தோஷம் அவர் குரலில் தெரிந்தது. அதனால்தான் எனக்கு அந்த நம்பரை மாற்ற மனமே வரவில்லை.

புதன்கிழமை ஒதுக்கீடு வந்தது. மதுரைப் பக்கம், சஃப்ரின் முதல் வரிசையில் போட்ட அதே கல்லூரி, அதே பிரிவு. வீட்டில் சீனி வாங்கி வந்து ஆளுக்கு ஒரு வாய் தின்றோம். வியாழன் காலையில் உறுதி செய்யலாம் என்று உட்கார்ந்தால் ஓடிபி கேட்டது. அவரைக் கூப்பிட்டேன். போகவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு டிக். அவருடைய அறையில் தங்கியிருக்கும் இளையான்குடிக்காரர் நம்பர் என்னிடம் இருந்தது. அவரிடம் கேட்டேன்.

"அவரு நேத்து ராவே லோடு ஏத்திக்கிட்டுப் பாலைவனத்து சைட்டுக்குப் போயிட்டாரும்மா. அங்கன டவர் கெடையாது. நாளைக்குத்தான் திரும்புவாரு."

அப்போதும் புத்தி வரவில்லை. மறுபடி ஓடிபி அனுப்பு, மறுபடி அனுப்பு என்று அழுத்திக்கொண்டே இருந்தேன். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, சிறிது நேரம் கழித்து முயலவும் என்று வந்து நின்றுவிட்டது. மணி பன்னிரண்டு.

சஃப்ரின் அழவில்லை. அழுதிருந்தால் நான் கொஞ்சம் தாங்கியிருப்பேன். திரையை மூடிவிட்டு, "விடுங்க உம்மா. நான் இங்கனயே ஏதாச்சும் படிச்சுக்கிறேன்" என்றாள். உள்ளே போய் நான் காயப்போட மறந்த துணியை எடுத்து உதறத் தொடங்கினாள். அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினேழு வயதில் என்னைத் தேற்றுவதற்காக அவள் தன் ஆசையை மடித்து வைக்கிறாள்.

உஷா டீச்சரைக் கூப்பிடலாம் என்று தோன்றியது. ஆனால் வெட்கம் பிடித்துக்கொண்டது. அவர் சொன்னதைத்தானே கேட்காமல் விட்டேன்? எந்த முகத்தோடு கூப்பிடுவது? சகோதரிகளே, இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்றே எழுதுகிறேன். பிள்ளையின் வாழ்க்கை போய்க்கொண்டிருக்கும்போதும் என் கௌரவத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னது. தொழுதேன். பிறகு தேவைக்காக இரண்டு ரக்அத் தனியாகத் தொழுதேன். நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தாவில் கிடந்தபோது மனப்பாடமான துஆ ஒன்றுமே நாவில் வரவில்லை. "யா அல்லாஹ், நான் மரியாதைன்னு நெனச்சுச் செஞ்சது எம்புள்ளயக் கவுத்துறக் கூடாது. எனக்கு வழி தெரியல. நீதான் யாரையாச்சும் அனுப்பணும்" என்றேன். இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். விரிப்பு நனைந்துவிட்டது.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து எழுந்தேன். விரிப்பை மடிக்கக்கூட இல்லை, போன் அடித்தது. உஷா டீச்சர்.

"என்னம்மா, சஃப்ரினுக்கு உறுதி பண்ணியாச்சா? எல்லாப் பிள்ளைகளும் பண்ணிட்டோம்னு சொல்லிருச்சுக. நோட்டுல இவ பேருக்கு மட்டும் டிக் போடல. சோறு எறங்க மாட்டேங்குது, அதான் கூப்புட்டேன்."

அழுதுகொண்டே சொன்னேன். அவர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. "அழுகைய பஸ்ஸுல வச்சுக்கங்க. ஒரிஜினல் சர்டிபிகேட், ஆதார், பிள்ள, மூனையும் எடுத்துக்கிட்டு ராம்நாடு கவுன்சிலிங் உதவி மையத்துக்கு வாங்க, நம்பர மாத்திறலாம். நானும் அங்கன வாரேன்" என்றார்.

இரண்டே முக்காலுக்கு அங்கே இருந்தோம். எங்களுக்கு முன்னால் ஒன்பது பேர். டீச்சர் பள்ளியில் அனுமதி கேட்டுவிட்டு வந்து எங்களோடு வரிசையில் நின்றார். எங்கள் முறை வந்தபோது நாலு மணி தாண்டியிருந்தது. என் கணவருடைய கையெழுத்து இல்லாமல் நம்பரை மாற்ற மாட்டார்கள் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். மேசையில் இருந்த அலுவலர் தலையை நிமிர்த்தினார்.

"படிக்கப் போறது யாரு? வாப்பாவா, பாப்பாவா? பாப்பாதான எழுதிக் குடுக்கணும். அம்மா, நீங்க கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க. புது நம்பரச் சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். என் நம்பர் எனக்கு நினைவில் இல்லை. கணவரின் நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பத்து வருடமாக என் கையில் இருக்கும் போனின் நம்பரை ஒரு படிவத்திலும் நான் எழுதியதில்லை.

"சரியாப் போச்சு" என்று அலுவலர் சிரித்துவிட்டார். சஃப்ரின் என் கையைப் பிடித்துக்கொண்டு பத்து எண்களையும் நிறுத்தாமல் சொன்னாள்.

நாலு முப்பத்தெட்டுக்கு என் கையிலிருந்த போன் அதிர்ந்தது. ஆறு எண்கள். டீச்சர் படித்தார், சஃப்ரின் அடித்தாள். உறுதி செய்யப்பட்டது என்று திரையில் வந்ததும் டீச்சர் பையிலிருந்து நோட்டை எடுத்து அங்கேயே டிக் போட்டார். "இப்பத்தான் பசிக்குது" என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை என் கணவர் கூப்பிட்டார். பதறிப் போயிருந்தார். "எட்டு ஓடிபி ஒன்னா வந்து நிக்குது. எத அடிக்கணும் புள்ள?" நடந்ததைச் சொன்னேன். நம்பரை மாற்றியதையும் சொன்னேன். "அப்ப இனிமே அவ காலேஜுலருந்து எனக்கு ஒன்னும் வராதா?" என்றார். சஃப்ரின் போனை வாங்கி, "மெசேஜ் எதுக்கு வாப்பா? தெனமும் நானே பேசுறேன். சலிச்சுப் போயிருவீக" என்றாள். அவர் சிரித்தார். மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது.

இப்போது சஃப்ரின் விடுதியில் இருக்கிறாள். நான் சனிக்கிழமைகளில் உஷா டீச்சரோடு பள்ளியில் போய் உட்காருகிறேன். கல்லூரிக்குப் போக நினைக்கும் பெண்பிள்ளைகளின் உம்மாமார்களிடம் பேசுகிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். கேட்பதற்கு வெட்கப்படுவதில்லை.

உங்களில் யாருக்காவது பிள்ளையின் படிப்பு இப்படி முட்டி நிற்கிறதா? அல்லாஹ்விடம் கேளுங்கள். அழகான வார்த்தை வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். நான் அன்று கேட்டதில் பாதி விம்மல்தான். அதையும் அவன் எடுத்துக்கொண்டான். ஒரு டீச்சரைச் சோறு தின்ன விடாமல் செய்து எனக்குப் பதில் அனுப்பினான்.