ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில் ஓடுகிறவர்

ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில் இவருடைய அப்பா ஓடுகிறார். அந்த இடம் வருவதற்கு முன்பே இவர் வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு வாழைப்பழத்தை உரிக்கிறார். வளையல் சத்தம் மைக்கில் விழும். காலி வயிற்றின் சத்தம் அதைவிடத் தெளிவாக விழும். "பசி வந்தா என் வயிறு தனியா வசனம் பேச ஆரம்பிச்சிரும்," என்கிறார்.

பார்வையில்லாதவர்களுக்குத் திரைப்படத்தைச் சொல்லிக் காட்டுவது இவர் தொழில். வசனங்களுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில், திரையில் நடப்பதைச் சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொல்ல வேண்டும். தியேட்டரில் அது காதுக்கருவி வழியாக அவர்களுக்கு மட்டும் கேட்கும். இந்தப் பழக்கம் தெருவிலும் இவரை விடுவதில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்றால் உதடு தானாக அசைகிறது: "குடைக்காரர் குடையை மறந்துவிட்டு ஏறுகிறார்." ஒருமுறை மாமியார் சண்டைக்கு வந்தபோது, "அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறார்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாராம். "அதோட அந்தச் சண்டை முடிஞ்சுது. அப்புறம் வேற சண்டை."

தொழிலில் ஒரே சட்டம்: தெரிவதைச் சொல், தோன்றுவதைச் சொல்லாதே. 'கோபப்படுகிறான்' கூடாது; 'பல்லைக் கடிக்கிறான்' சரி. மீறினால் வழக்கமாகக் கேட்பவர்கள் தொலைபேசியில் பிடித்துக்கொள்வார்கள். "அவன் நல்லவனா கெட்டவனான்னு நாங்க பாத்துக்கிறோம். என்ன பண்றான்னு மட்டும் நீங்க சொல்லுங்க மேடம்."

இப்போது கையில் இருப்பது ஒரு பழைய போர்ப்படம். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப்போய்க் காட்டிய படம். வரிசையில் இவரும் இருந்தார். அதைப் புதுப்பித்து மறுபடி வெளியிடுகிறார்கள். மலைமேல் ஒரு காவல் சாவடியைச் சில வீரர்கள் காத்த உண்மைக் கதை. அங்கே தொலைபேசிக் கம்பியைக் கவனித்த சிக்னல்காரர் ஒரே ஒருவர்தான்: இவருடைய அப்பா. படத்துக்குக் கதை எழுதியவர் ஒரு மத்தியானம் முழுக்க வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போனாராம். "பூட்ஸ் கயித்து முடிச்சு, கம்பி முறுக்குற விதம், டீ குடிச்ச டப்பா, எல்லாம் அப்பா சொன்னபடியே இருக்கு," என்கிறார். "அதான் வம்பு. இவ்வளவு சரியா இருந்தா மிச்சத்த யாரு சந்தேகப்படுவா?"

மிச்சம் இதுதான். குண்டு விழுந்து கம்பி அறுந்ததும், பின்னாலிருந்த முகாமுக்குப் போய் ஆள் கூட்டிவரச் சொன்னார் அதிகாரி. அப்பா ஓடினார், ஆட்களோடு திரும்பினார். படத்தில் யாரும் யாரையும் அனுப்பவில்லை. சிக்னல்காரன் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடுகிறான், திரும்பவே இல்லை.

அப்பா படத்தைப் பார்த்ததில்லை. "நேர்ல பாத்ததே போதும்" என்று இருந்துவிட்டார். ஓடுவதாகக் காட்டியிருக்கிறார்கள் என்பது தெரியும். பிறகு வேலை பார்த்த பேருந்துப் பணிமனையில் அதைச் சொல்லிக் கிண்டல் செய்தபோது அவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். "ஓடுனது நிஜம்தானே. நடந்து போயிருந்தா செத்திருப்பேன்." துப்பாக்கி விஷயத்தை மட்டும் வீட்டில் யாரும் அவர் காதில் போடவில்லை. துப்பாக்கியைக் கடைசிவரை கைவிடாமல் கொண்டுவந்ததுதான் அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரே பெருமை. இப்போது சில வருடங்களாக அவருக்குக் கண் தெரியாது. மகள் குரலில் படம் வருகிறது என்றதும், "அப்ப நானும் வரேன்" என்று சொல்லிவிட்டார்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளர் கை காட்டுகிறார். இவர் சொல்கிறார்: "சிக்னல்காரன் திரும்புகிறான். சரிவில் இறங்கி ஓடுகிறான்."

"அக்கா, துப்பாக்கி?"

"நேரம் பத்தல தம்பி."

"நிறைய இருக்கே. கேளுங்க."

ஒலிப்பதிவாளர் ஓட்டிக் காட்டுகிறார். இவர் குரல் நின்றதும், அந்த மௌனத்தில், இரும்பு பாறையில் மோதி உருளும் சத்தம். இத்தனை வருடம் இந்தப் படத்தைப் பார்த்தவர், இதைக் கேட்டதில்லை.

"வேற யாருக்குத் தெரியலேன்னாலும், அது என்ன சத்தம்னு அப்பாவுக்குத் தெரியும்," என்கிறார். தண்ணீர் குடிக்கிறார். மறுபடி மைக் முன் வந்து, "துப்பாக்கியைக் கீழே போடுகிறான். ஓடுகிறான்," என்கிறார். ஒரே தடவையில் சரியாக வந்துவிடுகிறது. வளையல்களைத் திரும்பப் போடத்தான் வெகுநேரம் ஆகிறது.

வீட்டில் அப்பா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறார்.

"அப்பா, படத்துல நீங்க துப்பாக்கியப் போட்டுட்டு ஓடுற மாதிரி எடுத்திருக்காங்க."

உரிக்கும் விரல் நிற்கவில்லை. "எந்தக் கையால போடுறான்?"

"வலது கை."

"தப்பு. எங்களுக்கு ரெண்டு கையும் கம்பிக்கு வேணும். துப்பாக்கிய முதுகுல குறுக்கால கட்டியிருப்போம். நெனச்சாலும் போட முடியாது."

ஒரு சுளையைப் பிய்க்கிறார். வாயில் போடவில்லை. "இத்தன வருஷமா எல்லாரும் அதத்தான் பாத்தாங்களா?"

"ஆமாப்பா."

"உங்கம்மாவும் பாத்தாளா?"

அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. "பாத்தாங்க. ரெண்டு தடவை."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே அவ."

மகள் ஆரஞ்சுத் தோல்களைப் பொறுக்குகிறார். "நீங்க வர வேண்டாம்ப்பா. கூட்டமா இருக்கும்."

அப்பா எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே அலமாரிவரை போகிறார். இஸ்திரி போட்ட சட்டை ஒன்றை எடுத்து நாற்காலியின் முதுகில் மாட்டுகிறார். "இது வெள்ளதானே?" என்று கேட்கிறார்.

காட்சி சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு.