பதினான்காம் காது

“மூச்சை மெதுவா விடுங்கப்பா, பாறை பேசப் போகுது” என்று சொல்லிவிட்டுத்தான் அந்த அம்மாள் சுத்தியலை ஓங்குவார். தரைக்கு நானூறு மீட்டர் கீழே, பாறையில் குடைந்த அறையில், சுவரில் பதித்த இரும்புத் தகட்டின் மேல் ஒரே அடி. அதிர்வு பாறைக்குள் ஓடி, ஆங்காங்கே ஒட்டியிருக்கும் கருவிகளுக்கு எத்தனை நேரத்தில் போய்ச் சேர்கிறது என்று கணினி அளக்கும். குறுக்கே விரிசல் இருந்தால் தளர்ந்து, தாமதமாக வரும். அணு உலைக் கழிவை இங்கே வைத்து மூடுவதற்கு முன், விரிசல் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். கருவிகளை அவர் ‘காது’ என்பார்.

வெளியிலும் கை சும்மா இருக்காது. தங்கையின் கணவர் ஆசையாகப் புது வீட்டைக் காட்ட அழைத்தபோது, உட்காருவதற்கு முன்பே சுவரைத் தட்டி, “மாப்ள, இந்த மூலையில பூச்சு விட்டுக்கிட்டிருக்கு” என்றார். மனிதர் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மாளின் கணவருக்கு இதெல்லாம் பழகிவிட்டது. “பாறைகிட்ட காட்டுற பொறுமையில பாதிய எங்கிட்ட காட்டலாம்” என்பதோடு சரி.

போன வாரம் ஏழாம் அறையில், பதினான்காம் காதுக்கு மட்டும் அதிர்வு தாமதித்து வந்தது. மேலாளரின் முகம் தொங்கிப்போயிற்று. விரிசல் என்றால், மூன்று வருடம் குடைந்த அறையைக் கைவிட வேண்டும். படிவத்தில் ‘கோளாறு எங்கே?’ என்ற கட்டத்தில் ‘பாறை’ என்று எழுதி நீட்டினார். அம்மாள் அதை வாங்காமல் மறுபடி சுத்தியலை எடுத்தார்.

“அவசரப்படாதீங்க சார். மத்த பக்கமும் அடிச்சுப் பாத்துடுறேன்.”

எதிர்ச்சுவர், தரை, கூரை என்று ஒன்றுவிடாமல் அடித்தார். எங்கிருந்து அடித்தாலும் பதினான்கு மந்தம்தான். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“விரிசல்னா அது இருக்கிற பக்கத்து அடியத்தான் சார் தடுக்கும். இது யாரு கூப்பிட்டாலும் எழுந்திரிக்க மாட்டேங்குதே.”

காதைப் பெயர்த்துப் பார்த்தால், பசைக்கு அடியில் துளை போட்ட தூள் அப்பிக்கிடந்தது. ஒட்டியவர் வேறு யாருமில்லை. துடைக்காமல் ஒட்டுகிறவர்களை வரிசையில் நிற்க வைத்துத் திட்டும் அதே அம்மாள்தான்.

கழுவி, துடைத்து, புதிதாக ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு அடித்தார். அதிர்வு டாண் என்று நேரத்துக்கு வந்தது. மேலாளர் நாற்காலியில் சரிந்து வாய்விட்டுச் சிரித்தார்.

“பசை சரியில்லன்னு எழுதிடுங்கம்மா. யாரு கேக்கப் போறா?”

அம்மாள் படிவத்தை வாங்கினார். ‘பாறை’யை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘நான்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.