கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி

என் அக்கா ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவளாக இருந்தாள். முப்பத்தொரு வருடம், ஜன்னலோரத்தில் அதே மேஜை. ஒவ்வொரு பக்கத்தையும் வரிக்கடியில் அடிக்கோலை வைத்துக் கீழிருந்து மேலாகப் படிப்பாள். மேலிருந்து படித்தால் விட்டுப்போன சொல்லைக் கண் தானாகவே இட்டு நிரப்பிக்கொள்ளுமாம். அங்கே அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி.

"ஒரு வார்த்தை விட்டுப்போச்சு. அதுக்கு என்ன குடியா முழுகிடுச்சு?" என்பார் அச்சுக்கோப்பவர்.

"விட்டுப்போச்சா, விட்டுட்டீங்களா, வேணும்னே தள்ளிட்டீங்களா? மூணும் ஒண்ணில்லண்ணே."

"உங்கிட்ட வாயக் கொடுத்து மீள முடியுமாம்மா?"

பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கில அகராதி ஒன்று அச்சாகும்போது, அதன் கடைசிப் பக்கத்துக்கு அக்காவே ஒரு குறிப்பு எழுதினாள். 'விடுதல்' என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடும் வினைகளின் லத்தீன் வேர்கள். ஒமிட் என்றால் கையிலிருப்பதைப் போகவிடுவது. நெக்லெக்ட், பொறுக்கி எடுக்காமலே கடந்து போவது. எக்ஸ்க்ளூட், வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவது. எலிமினேட், வாசற்படி தாண்டித் தள்ளுவது. டெலீட், இருந்த சுவடே தெரியாமல் அழிப்பது. கல்லூரி வாசலை மிதிக்காதவள். லத்தீனை நூலக அகராதிகளில் தேடித் தேடிக் கற்றாள். கல்லூரியில் படித்த எனக்கு அதில் ஒரு வேர்கூடத் தெரியாது.

அந்தப் பக்கத்திலேயே உழைத்தவர்களின் பெயர்ப்பட்டியலும் வரவேண்டும். இரண்டையும் சேர்த்தால் இரண்டு வரி மிஞ்சியது. ஒரு பக்கம் கூடினாலும், பதினாறு பக்கமாக மடிக்கும் முழுத்தாள் ஒன்று கூடுதலாகச் செலவாகும்.

"ஒரு வினைய எடுத்துடும்மா. சரியா ரெண்டு வரி. அஞ்சுக்கு நாலு இருந்தா ஒண்ணும் கெட்டுப்போகாது," என்றார் முதலாளி. மறுநாள் காலைக்குள் பக்கம் வேண்டும் என்றும் சொன்னார்.

காலையில் பக்கம் கச்சிதமாக இருந்தது. ஐந்து வினைகளும் இருந்தன. 'மெய்ப்புத் திருத்தம்' என்ற தலைப்பும் அதன்கீழ் அவள் பெயரும் இல்லை.

புத்தகம் வீட்டுக்கு வந்த அன்று நான் கொதித்தேன். "நாலு வருஷ உழைப்பு. உன்ன ஒதுக்கிட்டாங்களாக்கா?"

"ஒதுக்குறதுன்னா யாராவது கதவச் சாத்தணும்டா. யாரு சாத்துனா? நான்தான் போகவிட்டேன்." பிறகு சிரித்தாள். "காபி ஆறுது, குடி."

அக்கா போய்ப் பதினொரு நாளாகிறது. நேற்று அச்சுக்கோப்பவர் வந்தார். சட்டைப்பையில் சிவப்புப் பென்சில், கையில் அந்த அகராதி. மூலைகள் மடங்கி, அட்டை பிய்ந்திருந்தது. அவருடைய பேத்தி பள்ளிக்கு எடுத்துப் போவதாம்.

"அன்னிக்கே உங்க அக்கா பேரு இல்லன்னு பார்த்துட்டேன் தம்பி. வாய மூடிக்கிட்டு அச்சேத்திட்டேன். அது இன்னும் உறுத்துது. இந்த ஒரு பிரதியிலயாவது பேரச் சேர்த்துடு. உன் கையால."

பென்சிலை வாங்கிக்கொண்டேன். அக்காவின் அடிக்கோலை எடுத்து அவள் படிப்பதுபோலவே கடைசி வரியிலிருந்து மேலே போனேன். பெயர்கள், வேர்கள், வினைகள். ஒரு புள்ளி பிசகவில்லை. அவர் காத்திருந்தார்.

பென்சிலை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"திருத்த ஒண்ணும் இல்லண்ணே. பேத்திகிட்ட கொடுங்க."