தவளையம்மாவின் மஞ்சள் பாட்டில்

தவளையம்மாவுக்குப் பூச்சி புழு என்றால் அருவருப்பே கிடையாது. பல்லி, கரப்பான், வயிற்றைக் கீறிப் பலகையில் ஊசி குத்தி வைத்த தவளை, எதைக் கண்டும் முகம் சுளிக்க மாட்டாள். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்து உயிரியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவள் அவள். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடும்போது, ஒரு கையில் தவளைத் தட்டும் இன்னொரு கையில் டீ டம்ளருமாக நிதானமாக நிற்பாள். பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். வேலையை விட்டு ஆறு வருஷமாகியும் தெருவில் அந்தப் பெயர்தான் செல்லுபடி, கூப்பிட்டால் அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

அவளுக்கு அருவருப்பெல்லாம் தன் கைமேல்தான்.

காலையில் கண் விழித்ததும் இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, "கண்றாவி" என்பாள். அன்றைக்கு அவள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை அதுதான். விரல் மூட்டுகள் இஞ்சித் துண்டு மாதிரி முண்டும் முடிச்சுமாகப் புடைத்து, சுட்டுவிரல் ஒரு பக்கமும் நடுவிரல் ஒரு பக்கமுமாகக் கோணிக்கொண்டு நிற்கும். இது மூட்டுவாதம், முழுசாகப் போகாது, பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னபோது, பழகிக்கொள்ள இது என்ன பக்கத்து வீட்டு நாயா என்று அங்கேயே கேட்டுவிட்டாள். வலிக்கிறது என்று மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. அது கெஞ்சுவது மாதிரி இருக்குமாம். கண்றாவி என்பது திட்டுவது, அதில் மானம் போகாது.

கையோடு ஒட்டி வந்ததெல்லாமும் அவளுக்குக் கண்றாவிதான். அந்தத் தைலம் இருக்கிறதே, தடவினால் ஊறவைத்த செருப்பு மாதிரி நாறும். கீழ்வீட்டு அக்கா வாரம் ஒரு வைத்தியத்தோடு மாடியேறி வருவாள். உப்பு ஒத்தடம் என்பாள், அடுத்த வாரம் உப்பே ஆகாது என்பாள், போகும்போது "பாவம்" என்று ஒரு வார்த்தையைத் தவறாமல் விட்டுவிட்டுப் போவாள். அதைக் கேட்டாலே தவளையம்மாவுக்கு வாந்தி வரும். ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் அமுக்கிப் பழக ஒரு பஞ்சுப் பந்து கொடுத்தாள். எத்தனை பேர் கை வேர்வையைக் குடித்ததோ, பிசுபிசுவென்று இருந்தது. அதைத் தொட மாட்டேன் என்று அங்கேயே வைத்துவிட்டு வந்து, வீட்டில் வெந்நீரில் துவாலையை முக்கி முறுக்கிப் பிழிந்தாள். காலையில் இருபது தடவை, சாயங்காலம் இருபது தடவை. தெருக்கோடி வரை நடந்துவிட்டும் வருவாள். திட்டிக்கொண்டே செய்வாள், ஆனால் ஒரு நாள் விட மாட்டாள்.

விடாததற்குக் காரணம் ஒன்று உண்டு. அவள் பூச்சிப் படம் வரைபவள். வண்டு, வெட்டுக்கிளி, கம்பளிப்பூச்சி, சாணி உருட்டும் வண்டு என்று உலகம் சீ என்று ஒதுக்குவதையெல்லாம் அப்படி ஒரு ஆசையோடு வரைவாள், காலில் இருக்கும் மயிர் உட்பட. தூரிகை மெலிந்து வழுக்குகிறது என்று அதன் காம்பில் பழைய பஞ்சையும் துணியையும் சுற்றித் தடிமனாக்கி வைத்திருந்தாள். பார்ப்பதற்குக் கட்டுப் போட்ட விரல் மாதிரியே இருக்கும். அந்தப் படங்களை எப்படியோ பார்த்துவிட்ட நூலகத்துப் பெண், குழந்தைகள் பகுதிச் சுவருக்குப் பன்னிரண்டு படம் வேண்டும், மாசக் கடைசிக்குள் முடியுமா என்று கேட்டிருந்தாள். வாழ்க்கையில் அவளிடம் யாரும் கேட்டு வாங்கிய முதல் படங்கள். முடியும் என்று சொல்லிவிட்டாள்.

எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்றால், மூடியை நம்பிச் சொன்னாள். தினமும் காலையில் வண்ணப் பாட்டில் மூடியைத் திறந்து பார்ப்பது அவளுடைய பரீட்சை. திறந்தால் அன்று கை வேலை செய்யும், திறக்காவிட்டால் வெந்நீரில் கையை ஊறவைத்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டியதுதான். அதற்கு மேல் ஒரு தீர்மானமும் மனசுக்குள் வைத்திருந்தாள். சேர்ந்தாற்போல் ஒரு வாரம் மூடி திறக்காமல் போனால் தூரிகையை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிடுவது, அரைகுறையாகக் கிறுக்கிப் பாவம் வாங்கிக் கட்டிக்கொள்வதில்லை. போன வருஷம் பாதி நாள் திறக்காது. ஆனால் கடந்த இரண்டு மாசமாக எல்லா மூடியும் தொட்ட மாத்திரத்தில் திறந்தன. துவாலை முறுக்கிய பலன்தான் என்று ஆஸ்பத்திரியில் போய்ப் பீற்றிக்கொண்டாள். பயிற்சிப் பெண்ணும் காத்திருந்த ஆறேழு பேர் முன்னால் அவளை எழுப்பி நிறுத்தி, இந்த அம்மாவைப் பாருங்கள் என்று சொன்னாள். தவளையம்மா வெட்கப்படவே இல்லை.

அந்த இரண்டு மாசத்தில் வீட்டில் இன்னும் சிலதும் நடந்தது. வண்ணமெல்லாம் ஓரத்தில் காய்ந்து ஏடு கட்டியது. சளி மாதிரி இருக்கிறது, பழைய சரக்கைத் தள்ளிவிட்டாய் என்று கடைக்காரரிடம் போய் நாலு பேர் பார்க்கச் சண்டை போட்டுவிட்டு வந்தாள். பிஸ்கட் நமத்துப்போனது. ஜாம் பாட்டிலுக்குள் எறும்பு செத்துக் கிடந்தது. அதற்கும் யார்யாரையோ திட்டினாள்.

சாயங்காலத்து வேலையெல்லாம் அவள் வீட்டுக்காரர் பொறுப்பு. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், தெருவில் அவருக்கு டிரைவர் என்றே பெயர். அதிகம் பேச மாட்டார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து டீ போடுவது, பாத்திரம் ஒழிப்பது, தூரிகை கழுவுவது, வண்ணப் பாட்டில்களை மூடி வரிசையாக அடுக்குவது, எல்லாம் அவர்தான். காலையில் அவள் திறப்பாள், சாயங்காலம் அவர் மூடுவார். அந்த வீட்டில் சண்டையில்லாமல் நடந்த ஒரே ஏற்பாடு அதுதான்.

ஒன்பது படம் முடிந்திருந்தது. பத்தாவது கம்பளிப்பூச்சி. முதுகில் மஞ்சள் கோடு மட்டும் பாக்கி. அன்று காலை மஞ்சள் பாட்டிலைத் தலையைப் பிடித்துத் தூக்கினாள். பாட்டில் பாதி தூரம் வந்து, தொப்பென்று படத்தின்மேல் விழுந்து கவிழ்ந்தது. நான்கு நாள் உழைப்புமேல் மஞ்சள் குளம் கட்டி நின்றது.

"கண்றாவிக் கை" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்புறம்தான் கையைப் பார்த்தாள். மூடி இன்னும் விரல்களுக்குள் கெட்டியாக இருந்தது. கை விடவில்லை, மூடிதான் பாட்டிலில் இல்லை. அரைச் சுற்றில் சும்மா தொற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

சிவப்பைத் தொட்டாள். ஒற்றை விரலால் தள்ளியதும் சுற்றியது. நீலம், பச்சை, கறுப்பு, எல்லாம் அப்படியே. சமையலறைக்குப் போனாள். சர்க்கரை டப்பா, ஜாம், பிஸ்கட் டின், குடிதண்ணீர் பாட்டில், கடைசியில் அந்த நாறும் தைலம். வீட்டில் இறுக்கி மூடிய மூடி ஒன்றுகூட இல்லை.

அவளுக்குச் சட்டென்று எல்லாம் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தாள். மனுஷன் இரண்டு மாசமாக அவளுக்காக மூடியைத் தளர்த்தி வைத்துக்கொண்டிருக்கிறார். சின்னப் பிள்ளையை ஜெயிக்கவிடுவது மாதிரி. அவள் ஊரெல்லாம் போய்ப் பீற்றியிருக்கிறாள், ஆறேழு பேர் முன்னால் எழுந்து நின்றிருக்கிறாள். கீழ்வீட்டு அக்கா வாயால் சொல்லும் பாவத்தை இவர் வாயைத் திறக்காமல் சொல்லியிருக்கிறார், தினமும், வீட்டுக்குள்ளேயே. படத்துக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று நூலகத்துக்குச் சொல்லிவிடப் போனை எடுத்தாள். அங்கே ஒன்பதரைக்குத்தான் ஆள் வரும். மேஜைமேல் மூடியும் பாட்டிலுமாக எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

டிரைவர் நடந்துவிட்டு வந்தார். பேப்பர் அக்குளில், பால் பை முழங்கையில் தொங்கியது. சில மாசமாகவே அவர் பையை அப்படித்தான் மாட்டிக்கொண்டு வருகிறார், பழைய டிரைவர் மிடுக்கு என்று அவள் நினைத்திருந்தாள்.

படத்தைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். மூட மறந்திருப்பேன் என்றார். வீட்டில் இருக்கிற பதினாலு மூடியையுமா மறந்தீர்கள் என்று கேட்டாள். அவர் பால் பையை முழங்கையிலிருந்து கழற்றி வைத்தார்.

சிவப்புப் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இறுக்கி மூடுங்க. நான் திறக்கிறேன். முடியலைன்னா முடியலைன்னு எனக்குத் தெரியணும். எனக்கு யாரும் பிச்சை போட வேண்டாம்."

"விடேன்" என்றார்.

"மூடுங்க."

அவர் பாட்டிலை எடுத்தார். மூடியைக் கட்டைவிரலால் பிடிக்காமல் உள்ளங்கையால் அமுக்கித் திருகினார், வழுக்கியது. பாட்டிலை முழங்கால் இடுக்கில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் திருகினார். கீழுதடு பல்லுக்குள் போனது, இடது கண் தானாக மூடிக்கொண்டது. தவளையம்மாவுக்கு அந்த முகம் தெரியும். குளியலறைக் கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம்தான்.

பாட்டிலை மேஜைமேல் வைத்தார். அவள் ஒற்றை விரலால் தள்ளினாள். மூடி சுற்றியது.

"இன்னும் இறுக்குங்க."

"அவ்வளவுதான் வரும்" என்றார்.

அவள் அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள். கட்டைவிரல் அடியில் எலும்பு மேடு கட்டி, சுற்றிலும் சிவந்து பளபளவென்று வீங்கியிருந்தது. அடுத்த கையும் அப்படித்தான். ஒரே வீடு, ஒரே மேஜை, எதிரெதிர் நாற்காலி. தவளையின் நரம்பையெல்லாம் எண்ணிப் பார்த்தவள் இதைப் பார்க்கவில்லை.

எப்போதிலிருந்து என்று கேட்டாள். வலி ஒரு வருஷமாக இருக்கிறது, இரண்டு மாசமாகத்தான் எதையும் இறுக்க முடியவில்லை என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அவர் இரண்டு கையையும் மெதுவாக இழுத்து மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"தினம் காலையில உன் கையைப் பாத்து ஒரு வார்த்தை சொல்றியே. என் கையைப் பாத்தும் நீ அதைச் சொல்லிட்டா என்ன பண்றதுன்னு இருந்துச்சு."

ஆறு வருஷமாக ஒரு நாள் விடாமல், பக்கத்துத் தலையணையில் ஒரு ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பே இல்லாமல் சொல்லித் தீர்த்திருக்கிறாள். இப்போது அருவருப்பு கைமேல் இல்லை, தன் வாய்மேல்தான். ஏடு கட்டிய வண்ணத்தையும் எறும்பு செத்த ஜாமையும்விட மோசமாக இருந்தது அந்த வாய். பெயின்ட் கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதும் சம்பந்தமில்லாமல் ஞாபகம் வந்தது.

எழுந்து போய்த் தைலத்தை எடுத்து வந்தாள். மூடி தொட்டதும் திறந்தது.

"கையைக் காட்டுங்க."

அவர் தயங்கித் தயங்கி ஒரு கையை மேலே வைத்தார். அவள் பார்த்தாள். அவரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீங்கியிருக்கு" என்றாள், அவ்வளவுதான்.

தைலம் வழக்கம்போல நாறியது. அவர் கட்டைவிரலில் தடவிய கையோடு அவள் விரல்களிலும் அது ஏறியது, வீடு முழுக்க நாறியது. மணி ஒன்பதரை ஆனபோது நூலகத்துக்குப் போன் போட்டாள். ஒன்பது படம் தயார், ஒன்று மஞ்சளில் முழுகிவிட்டது, இன்னும் பத்து நாள் வேண்டும் என்று கேட்டாள். பரவாயில்லை என்ற அந்தப் பெண், எப்போதும் கேட்பதுபோல, கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். அதற்குத் தவளையம்மாவிடம் எப்போதும் ஒரே பதில்தான் உண்டு.

எதிர் நாற்காலியில் டிரைவர் தைலக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வலிக்குதும்மா" என்றாள். "எங்க ரெண்டு பேருக்கும் வலிக்குது."