தரைக்கு மேலே அளக்காத லூயிஸ்

தெர்மகோலை அறுக்கும்போது லூயிஸ் பேச மாட்டார். காசிமேட்டிலிருந்து வாங்கி வரும் காலி மீன் பெட்டிகளை வெயிலில் காயவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, ஹாக்ஸா பிளேடால் மெல்ல இழைப்பார். வெள்ளை மணிகள் புருவத்தில் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு காய்ந்தாலும் கவிச்சி போகாது. தெருப் பூனைகள் சற்றுத் தள்ளி உட்கார்ந்து அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அவர் செதுக்குவது ஒரு கியர்பாக்ஸ். உண்மையான கியர்பாக்ஸ், உடைக்கப்பட்ட ஒரு ஜப்பான் வேனிலிருந்து கழற்றியது, திருவொற்றியூரில் ஜெயவேலின் மெக்கானிக் ஷெட்டில் சாக்கு போர்த்திக் கிடக்கிறது. அதை ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது. ஆகவே அதே அளவில் தெர்மகோலில் ஒன்று செய்து, தன்னுடைய பழைய அம்பாசடருக்கு அடியில் நுழைத்துப் பார்க்கிறார். எங்கே இடிக்கிறது, எந்தத் தகரத்தை வெட்ட வேண்டும், எஞ்சினோடு சேர்க்க நடுவில் எவ்வளவு கனமான இரும்புத் தட்டு வேண்டும் என்றெல்லாம் இரும்பைத் தொடுவதற்கு முன்பே தெரிந்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை.

ராயபுரத்தில் எங்கள் தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கும் வால்டர் இதைச் சும்மா விடுவதில்லை.

“இன்னா லூயிசு, வண்டிக்கு அடியில மீன் பொட்டி? இனிமே வஞ்சிரந்தான் வண்டி ஓட்டப் போவுதா?”

“வஞ்சிரத்துக்குக் காலே இல்ல, கிளட்ச் மிதிக்க வோணாம். அதான் அதுங்கிட்ட கத்துக்கினு கீறேன்.”

கிளட்ச்தான் சிக்கல். இரண்டு வருடத்துக்கு முன்பு வந்த பக்கவாதம் உடம்பின் மற்ற இடங்களிலிருந்து இறங்கிவிட்டது, இடது காலில் மட்டும் தங்கிவிட்டது. நடக்கிறார். படி ஏறும்போது பேண்ட்டைத் தொடையருகே கொத்தாகப் பிடித்து அந்தக் காலைத் தூக்கி வைக்கிறார். அம்பாசடரின் கிளட்சை மிதிக்க மட்டும் அதற்கு வலுவில்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பொருத்திவிட்டால் இடது காலுக்கு வேலையே கிடையாது.

துறைமுகத்தில் கிரேன் இயக்கி ஓய்வு பெற்றவர். பகல் முழுவதும் உயரத்தில் தனியறையில் உட்கார்ந்திருந்த பழக்கத்தில் அவருக்கு மனிதர்களை முகத்தைவிட உச்சந்தலையால்தான் அதிகம் தெரியும். “மேலருந்து பாத்தா மேஸ்திரியும் கூலியும் ஒண்ணுதான், வெறும் மண்டை” என்பார். என் வழுக்கை எந்த இடத்தில் தொடங்கியது என்பதைப் பல வருடங்களுக்கு முன்பே எனக்குச் சொன்னவர் அவர்தான்.

இப்போது வண்டி வீட்டுச் சுவரோரம் நிற்கிறது. காலையில் உறையை உருவி, அதில் படிந்த கரித்தூளை உதறுவார். பேட்டரி படுத்துவிடாமல் இருக்கச் சிறிது நேரம் எஞ்சினை ஓடவிடுவார். நிறுத்திய பிறகும் இறங்க மாட்டார். ஸ்டீரிங்கை ஒட்டி நீட்டிக்கொண்டிருக்கும் கியர்த் தண்டை அவருடைய இடது கை முதலிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்கும் தள்ளிக்கொண்டிருக்கும்.

முன்பு ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் லூயிசும் அவர் மனைவி டோரதியும் அந்த வண்டியில் கிளம்பிவிடுவார்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கடலோரமாக வடக்கே போவார்கள். சில வாரம் கத்திவாக்கத்தில் இறால் வாங்குவார்கள். சில வாரம் ஒன்றும் வாங்காமல் திரும்புவார்கள். அம்பாசடரின் முன் சீட் பிளவில்லாத ஒரே நீள மெத்தை. டோரதி ஜன்னலோரம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. லாரிப் புகை ஆகாது என்று நடுவே நகர்ந்து, கணவரின் தோளை ஒட்டித்தான் உட்காருவார். லூயிசுக்குப் பக்கவாதம் வருவதற்கு முந்தைய வருடம் டோரதி இறந்துபோனார்.

மகள் ஜூடி மஸ்கட்டில் இருக்கிறாள். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் லூயிஸ் பேசுவார்.

“வித்துடுப்பா. எங்க போவணும்னாலும் டாக்சி புக் பண்ணிக்க.”

“டாக்சிக்காரன் எங்க போவணும்னு கேப்பான். நான் இன்னான்னு சொல்றது?”

ஜூடி, டிசம்பரில் லீவில் வரும்போது வண்டி ஓடாமல் நின்றால் தானே ஆள் பார்த்து விற்றுவிடுவதாகச் சொல்லிவிட்டாள். லூயிசும் ஒப்புக்கொண்டார்.

தெர்மகோல் கியர்பாக்ஸ் கச்சிதமாகப் பொருந்தியது. ஜெயவேலே வந்து அடியில் படுத்துப் பார்த்து, “நம்ம ஷெட்டுக்கு வந்துடு நைனா, சம்பளம் தரேன்” என்றான். பிறகு வண்டிக்குள் ஏறி அளவு டேப்பை நீட்டியவன், சீட்டின் நடுவில் விரலால் தட்டினான்.

“நைனா, இந்தக் கியருக்கு லிவரு தரையிலருந்து வருது. கரெக்டா சீட்டு நடுவுல.”

வண்டிக்கு அடியில் ஒரு போல்ட் விடாமல் அளந்தவர் தரைக்கு மேலே ஒன்றையும் அளந்திருக்கவில்லை.

“பழையபடி ஸ்டீரிங்காண்டயே வெக்க முடியாதா?”

“கம்பி எஞ்சின்ல இடிக்குது. லிவர இந்தாண்ட அந்தாண்ட கொஞ்சம் சாய்க்கலாம். ஆனா சீட்ட அறுத்துத்தான் ஆவணும்.”

லூயிஸ் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அதன் பிறகு ஒரு மாதம் அவர் வண்டிக்கு அடியில் படுக்கவில்லை. தெர்மகோலை இழுத்து வெளியே போட்டுவிட்டார். அதன்மேல் பூனைகள் தூங்கின. வால்டர்கூடக் கிண்டலை நிறுத்திக்கொண்டார்.

நவம்பர் கடைசியில் அவரே ஜெயவேலை வரச்சொன்னார். அவன் அறுக்கும் மெஷினோடு வந்து, சாக்பீஸால் மெத்தையின் மேல் நடுவுக்கு இருபுறமும் இரண்டு கோடு போட்டான்.

“ரெண்டு பக்கமும் நாலு நாலு விரக்கடை. சமமா பூடும்.”

லூயிஸ் சாக்பீஸை வாங்கிக்கொண்டார். இரண்டு கோடுகளையும் உள்ளங்கையால் அழித்தார். முதல் கோட்டை நடுவில் போட்டார். இரண்டாவதை எட்டு விரற்கடையும் ஸ்டீரிங் பக்கமாகவே தள்ளிப் போட்டார்.

“இன்னா நைனா, மொத்தமும் உன் பக்கத்துலயே எடுக்கற? உனக்குக் குந்த எடம் வோணாவா? கதவுல ஒட்டிக்கினுதான் ஓட்டணும்.”

“ஒட்டிக்கினு ஓட்டறேன். நீ லிவர என் பக்கம் சாய்ச்சு வெய்யி.”

ஜெயவேல் மெஷினைக் கையில் எடுத்தான். லூயிஸ் அவனைக் கைகாட்டி நிறுத்தினார். சட்டையைக் கழற்றி, முழுதாக நிற்கப்போகும் டோரதி பக்கத்துப் பாதியின் மேல், தூள் விழாதபடி, கோடு வரைக்கும் சுருக்கமில்லாமல் விரித்தார்.